காற்று வராத வக்கீல் கார்

செல்லக்கிளி அக்காவின் புருஷன் சோலை சவுதிக்குப் போனபோது, வில்லாபுரத்தில் அவர் கார்களுக்கு ஏ.சி. மாட்டிவந்த கொட்டகைக்குப் பூட்டு விழும் என்றுதான் எங்கள் தெரு நினைத்தது. மறுநாள் காலையில் அக்காவே வந்து தகரக் கதவைத் தள்ளினார். சேலைக்கு மேல் சோலையின் காக்கிச் சட்டை. டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. அது காதில் விழாமலில்லை. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, ஸ்பானர்களைத் துடைக்க உட்கார்ந்தார்.

திருவாதவூரில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவர். காரைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தொட்டுப் பார்த்ததாகச் சொல்வார். புருஷனுக்கு விளக்குப் பிடிக்கக் கொட்டகைக்குள் நுழைந்தவர், குழாய் பிடித்து, நட்டு முடுக்கி, கடைசியில் ஒரு பெட்டியைத் தனியாகவே கழற்றி மாட்டும் அளவுக்கு வந்திருந்தார். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் அப்போதெல்லாம் ஏ.சி. பெட்டியைத் தனியாக வாங்கி டாஷ்போர்டுக்குக் கீழே பொருத்துவார்கள். வண்டிக்குள் மல்லாந்து படுத்துத்தான் வேலை பார்க்க முடியும். கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கால்கள்தான் சோலையின் தம்பி கருத்தக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். அண்ணன் ஊரில் இல்லையென்றால் கொட்டகை தம்பிக்கு என்பது அவருடைய நியாயம். ரோட்டைப் பார்த்துப் பொம்பளை காலை நீட்டிப் படுப்பதா என்று சவுதிக்குச் சொல்லி அனுப்பினார். லீவில் வந்த ஒருவர் கையில் சோலை பேசிய கேசட் வந்து சேர்ந்தது. கருத்தக்கண்ணன் அதை டீக்கடை டேப்ரெக்கார்டரில் போட்டார். பாட்டு நின்று சோலையின் குரல் கரகரத்தது.

"கிளி, பாத்த வேல நிக்கணும். செஞ்சு அனுப்புன வண்டி அதே கோளாறோட திரும்பி வந்துச்சுன்னா, சாவியத் தம்பிகிட்டக் குடுத்துரு."

அன்றிலிருந்து கொட்டகைக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டியையும் கருத்தக்கண்ணன் டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி வெயிலில் அந்த வண்டி வந்தது. வக்கீல் நல்லகாமனின் அம்பாசடர். காற்று குறைகிறது என்று தை மாதம் வந்தபோது அக்கா ஃபேன் மோட்டாரை மாற்றி அனுப்பியிருந்தார். இப்போதும் அதே புகார். சத்தம்தான் அம்புட்டு வருது, காத்தைக் காணோம் என்றார் டிரைவர் மலைச்சாமி. கோர்ட்டுக்குப் போவதற்குள் வக்கீலுக்குச் சட்டை நனைந்துவிடுகிறதாம்.

கருத்தக்கண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினார்.

"வந்துருச்சுல்ல மதினி. சாவியக் குடுங்க."

"கோளாறு என்னன்னு பாத்துட்டுப் பேசுவோம், கொழுந்தனாரே."

பெட்டியில் குளிர்வாயு கசிந்து போயிருக்கும், இதைக் கண்டுபிடிக்கப் படிப்பா வேண்டும் என்றார் அவர். அக்கா பானட்டைத் திறந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார். அந்த வெயிலிலும் அது சில்லென்று வியர்த்திருந்தது. குளிர் உள்ளே இருக்கிறது, வெளியே வர வழியில்லை. ஃபேனை முழு வேகத்தில் வைத்து, கை துடைக்கும் நூல் கழிவிலிருந்து ஒரு இழையை உருவி, காற்று வரும் வாயில் பிடித்தார். இழை லேசாக அசைந்து தொங்கிவிட்டது.

அக்கா வண்டிக்குள் நுழைந்தார். மல்லாந்து படுத்தார். கால்கள் வெளியே வந்தன.

பெட்டியின் அடிமூடி கழன்றதும் உள்ளே கூலிங் காயில் என்கிற குளிர்ச்சுருள் தெரிந்தது. நெருக்கமாய் அடுக்கிய மெல்லிய தகடுகள். அவற்றினூடாகத்தான் காற்று நுழைந்து வர வேண்டும். தகடே தெரியாமல் சாம்பல் நிறத்தில் பூச்சுப் பூசினாற்போல் அடைத்திருந்தது. தண்ணீரை ஊற்றிப் பிரஷால் தேய்த்தார். வளைந்த தகடுகளைப் பேன்சீப்பால் நிமிர்த்தினார். வண்டிக்கு அடியில் வெள்ளையாய்த் தண்ணீர் ஒழுகித் தரையில் பரவியது.

கருத்தக்கண்ணன் குனிந்து அதை விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு நிதானமாகச் சிரித்தார்.

"திருநீறு."

மலைச்சாமிக்குப் புரியவில்லை. "எங்கய்யா கருப்புச் சட்டைக்காரருண்ணே, சாமியே இல்லேம்பாரு. வண்டிக்குள்ள ஊதுபத்தி வாசம் வந்தாலே என்னைய எறக்கி விட்டுருவாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கும் உறைத்தது. வேலை முடிந்த வண்டிக்குப் பாண்டிகோயில் திருநீறு தூவி அனுப்புவது அக்காவின் வழக்கம். ஓடுகிற பெட்டியின் மேலேயே தூவுவார். தை மாதத்துக்குப் பிறகு, பெல்ட்டைப் பார்க்கணும் என்று மலைச்சாமி வண்டியோடு வந்துபோனபோதெல்லாம் ஒரு கை தூவியிருந்தார். பெட்டி அதை இழுத்து, ஈரத் தகடுகளில் அப்பிக்கொண்டே வந்திருக்கிறது.

ரோட்டுப் புழுதி என்று சொல்லியிருக்கலாம். நிறமும் அதேதான். கருத்தக்கண்ணன் அப்படி ஒரு பொய்க்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அக்கா வெளியே வந்தார். முகமெல்லாம் வெள்ளைத் திட்டு.

"ஆமா, நான் தூவுனதுதான். உங்கண்ணன் மொத வருஷம் எம்புட்டு மோட்டாரைப் பொசுக்குனாரு? அப்ப யாரு சாவி கேட்டா? தப்புப் பண்ணித்தான் அவரும் படிச்சாரு. நானும் அப்படித்தான் படிப்பேன். சாவி தர முடியாது."

"அண்ணன் சொன்னது கேசட்டுல இருக்கு மதினி."

"இருக்கட்டும். அதுல மறுபக்கம் காலியாத்தான் இருக்கு. நான் பேசி அனுப்புறேன்."

மூடியை மாட்டி ஃபேனைப் போட்டார். மலைச்சாமியின் தலைமுடி பின்னால் பறந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அக்கா அவரை எழுப்புவதுபோல் தோளைத் தட்டி, தான் வேலை பார்த்த வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லச் சொன்னார்: பெட்டிக்குள் திருநீறு அடைத்திருக்கும், என் தப்பு, கொண்டு வாங்க, சும்மாவே கழுவித் தருகிறேன்.

இதை ஊருக்குச் சொன்னால் ஒரு வண்டிகூட வராது என்றார் கருத்தக்கண்ணன். வராட்டிப் போகட்டும் என்றார் அக்கா.

சில வண்டிகள் வரவேயில்லை. வக்கீல் இரண்டு நாள் திட்டிவிட்டு, அடுத்த வேலைக்கும் வண்டியை இங்கேயே அனுப்பினார். அலங்காநல்லூரிலிருந்து ஒரு ஃபியட், அவனியாபுரத்திலிருந்து ஒரு வாடகை அம்பாசடர் என்று கொட்டகை வாசலில் வண்டிகள் நிற்கத்தான் செய்தன. அந்த ஃபியட்டுக்குள் அக்கா படுத்திருந்த மத்தியானம் கருத்தக்கண்ணன் மறுபடி வந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, குடும்ப மானம் என்று எதையோ ஆரம்பித்தார். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கொழுந்தனாரே, தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது."