பசையக்காவும் பின்கண்ணாடியின் பன்னிரண்டு கோடுகளும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் டிரைவிங் லைசன்ஸில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. பசையக்கா வீடு எது என்று கேட்டால் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார். குடைக் கைப்பிடி, செருப்பு வார், மூக்குக்கண்ணாடியின் காது என்று உடைந்தது எதுவானாலும் அவளிடம் வந்துவிடும். ஒருமுறை எதிர்வீட்டுப் பெரியவரின் பல்செட்டைக்கூட ஒட்டிக்கொடுத்தாள். ஒட்டு அசையவில்லை. ஒரு பல் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.

ஒட்டுவது பொழுதுபோக்கு. பிழைப்பு வண்டி ஓட்டுவது. பதினெட்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டினாள். முதலில் ரொட்டி வேன், பிறகு லாண்டரி வேன். சாயங்காலமானால் சாவியை முதலாளியின் ஆணியில் மாட்டிவிட்டு, நடந்து வீட்டுக்கு வருவாள். பதினெட்டாவது வருஷ முடிவில் சொந்தமாக ஒரு கார் வாங்கினாள். பழசுதான், ஆனால் எஞ்சின் தங்கம். வாங்கிய கையோடு பெரிய ஆஸ்பத்திரியில் விண்ணப்பம் போட்டாள். விடியற்காலை ஷிப்டுக்கு வரும் நர்ஸ்களை வீடு வீடாகப் போய் ஏற்றிவரும் வேலை, மூன்று வருஷ ஒப்பந்தம், ஒரே ஒரு இடம். அது அவளுக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், சோதனையில் தேறினால் அன்றைக்கே வேலை, தேறாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு என்று கடிதத்தில் போட்டிருந்தது. புதன்கிழமை லாண்டரி சாவியை ஒரேயடியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமைதான் வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்டாள்.

காரின் பின்கண்ணாடியில் பழைய சொந்தக்காரர் ஒரு பெரிய மீன் படத்தை உட்பக்கமாக ஒட்டியிருந்தார். மீன் வண்டியிலா நர்ஸம்மாக்கள் ஏறுவார்கள் என்று அவளுக்குப் பட்டது. அவள் வீட்டுக்காரர் முடிதிருத்துகிறவர், கடை வீட்டின் முன்னறையிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஒரு புது பிளேடை எடுத்துக்கொண்டு போய் அரைமணி நேரத்தில் மீனைச் சுரண்டித் தள்ளினாள். கண்ணாடி பளபளத்தது. துடைத்துவிடலாம் என்று ஓரத்தில் துணியை வைத்து ஒரு இழு இழுத்தாள். துணியில் ஒரு ஒயர் மாட்டி, அதன் நுனியில் இருந்த சின்னத் தகடு கண்ணாடியை விட்டுக் கழன்று கையோடு வந்தது.

அந்த ஊர்க் குளிரில் ஆள் ஏறி உட்கார்ந்த அடுத்த நிமிஷமே பின்கண்ணாடி பனி பூத்துப் பால் மாதிரி ஆகிவிடும். அதற்காகத்தான் கண்ணாடியில் குறுக்கே மெல்லிய பழுப்புக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். சுவிட்சைத் தட்டினால் அவற்றில் மின்சாரம் ஓடும், கோடு சூடாகும், பனி விலகும். அவள் வண்டியில் பன்னிரண்டு கோடுகள். மின்சாரம் உள்ளே நுழையும் தகடு கையில் இருந்தது. மீனோடு சேர்த்து ஐந்து கோடுகளையும் பிளேடு அறுத்திருந்தது. சுரண்டிய குப்பையில் பழுப்புத் துகள்களைப் பார்த்ததும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

கொழுந்தன் எலக்ட்ரீஷியன். கூப்பிட்டதும் வந்தான், குனிந்து பார்த்தான், உச்சுக்கொட்டினான்.

"அண்ணி, ஷேவிங் பண்றதுக்கு வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?"

"கிண்டலை அப்புறம் வெச்சுக்க தம்பி. வழி சொல்லு."

"புதுக் கண்ணாடிதான். ஆர்டர் போட்டா மூணு வாரம். இல்லேன்னா சொல்லுங்க, தகட்டை இப்பவே சால்டர் வெச்சுத் தர்றேன்."

போன வருஷம் பக்கத்துத் தெருக்காரர் காரில் அவன் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்த கதை அவளுக்குத் தெரியும். சூடு தாங்காமல் கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டது. "நீ கையை எடு சாமி," என்றாள். "நான் ஒட்டிக்கிறேன்."

அவன் சிரித்த சிரிப்பில் கடைக்குள் முடிவெட்ட உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். "பசையில கரண்ட் போகுமா அண்ணி? அன்னிக்கு டிவி ரிமோட்டுக்குப் பசை போட்டீங்களே, இன்னிவரைக்கும் ஒரே சேனல்தானே ஓடுது?"

அது உண்மைதான். பேட்டரி ஸ்பிரிங்கை ஒட்டப் போய் ரிமோட்டை அவள் ஊமையாக்கியிருந்தாள். ஆனால் சூடு கண்ட பூனை அவள். சாதாரணப் பசை மின்சாரத்தை மறிக்கும் என்று அன்றே புரிந்துகொண்டவள், மறிக்காத பசையும் எங்காவது இருக்கத்தான் வேண்டும் என்று அன்றிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோ சாமான் விற்கும் கடைக்குப் போய், "கரண்ட் போற பசை இருக்கா?" என்று கேட்டாள். கடைக்காரர் ஆச்சரியப்படவேயில்லை. இழுப்பறையிலிருந்து இரண்டு குட்டி ட்யூப் கொண்ட ஒரு அட்டையை எடுத்து வைத்தார். வெள்ளித்தூள் கலந்த எபாக்ஸி, ரெண்டையும் கலந்தால்தான் இறுகும் பசை, அடுத்த சரக்கு வர ரெண்டு வாரம் ஆகும், பார்த்துச் செலவு பண்ணுங்க என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் காருக்குள் குப்புறப் படுத்துக் கிடந்தாள். அறுந்த இடங்களை ஸ்பிரிட்டால் துடைத்தாள். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் டேப் ஒட்டி, நடுவில் கோட்டின் அகலத்துக்கு மட்டும் சந்து விட்டாள். இரண்டு ட்யூபிலிருந்தும் ஒரு அட்டையில் பிதுக்கி, தீக்குச்சியால் குழைத்து, சந்தில் தடவினாள். தகட்டையும் அதே பசையால் உட்காரவைத்தாள். இருபத்துநாலு மணி நேரம் காய வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. மறுநாள் காலையிலேயே ஆவல் தாங்காமல் விரலை வைத்துப் பார்த்தாள்.

பிசைந்த மாவு மாதிரி இருந்தது. தகடு தன் பாட்டுக்கு வழுக்கி இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

முப்பது வருஷத்தில் அவள் போட்ட ஒட்டு எதுவும் இப்படி அவளைக் கைவிட்டதில்லை. ட்யூபில் பாதிதான் பாக்கி. நாளை மறுநாள் சோதனை. வேன் சாவியில் வேறு ஆள் கை வைத்தாயிற்று. பின்சீட்டில் உட்கார்ந்து அவள் அழுதாள், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் டீயோடு வந்தவர், அவள் அழுது முடிக்கிறவரை கதவோரம் நின்றார். பிறகு பசை குழைத்த அட்டையை எடுத்து முகர்ந்தார்.

"எப்படிக் கலந்தே?"

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா?"

"கண்ணளவுதாங்க. இதுக்கு இவ்வளவு, அதுக்கு இவ்வளவு. ஒரே நீளம்தான் பிதுக்கினேன்."

அவர் அட்டையைத் திருப்பி, கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். "சம எடைன்னு போட்டிருக்கு. நீளம்னா போட்டிருக்கு? ஒண்ணு கெட்டி, ஒண்ணு தண்ணி. ஒரே நீளம் ஒரே எடை ஆகுமா?" டீயை அவள் கையில் கொடுத்தார். "தலைச்சாயம் என்னிக்காவது நான் கண்ணளவுல கலந்து பார்த்திருக்கியா? அப்படிக் கலந்தா வர்றவன் தலை ஆரஞ்சுப்பழமா வீட்டுக்குப் போகும்."

போய்ச் சாயம் நிறுக்கும் சின்னத் தராசைக் கொண்டுவந்து கார் சீட்டில் வைத்தார். அரை கிராமையும் காட்டும் தராசு. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இருபது வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த தராசு. அழுத முகத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"பிளேடும் உங்க கடைதான், வைத்தியமும் உங்க கடைதானா?"

"ஹேர் டிரையரும் வேணும்னா எடுத்துக்க. லேசான சூடு காட்டினா சீக்கிரம் இறுகும்னு இதுலயே போட்டிருக்கு. நீ பெரிய எழுத்தை மட்டும் படிச்சா எப்படி?"

இளகிக் கிடந்ததையெல்லாம் ஸ்பிரிட்டால் வழித்தெடுத்தாள். கண்ணாடியை மறுபடி சுத்தம் செய்தாள், மறுபடி டேப் ஒட்டினாள். இந்தமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசில் சொட்டுச் சொட்டாக நிறுத்தாள். முள் அளவைத் தாண்டினால் ஊசிமுனையால் எடுத்து வெளியே போட்டாள். வெள்ளித்தூள் அடியில் தங்காமல் ஐந்து நிமிஷம் குழைத்தாள். தகட்டின் மேல் ஒரு துணிக்கிளிப்பும் அட்டையும் வைத்து நகராமல் முட்டுக்கொடுத்தாள். பிறகு டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தூங்கும் குழந்தைக்கு விசிறுகிற மாதிரி இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு நகர்த்திக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை கடையில் கூட்டம் அலைமோதும் நாள். அன்றைக்கு முடிவெட்ட வந்த பதினோரு பேரும் ஈரத்தலையோடு குளிரில் நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். கேட்டவர்களிடம், "டிரையர் ஆபரேஷன்ல இருக்கு," என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை அவள் சுவிட்சைத் தொடவில்லை. தன் கையைத் தானே நம்பாமல் கார் சாவியை அவரிடம் கொடுத்து வைத்திருந்தாள். கொழுந்தன் மீட்டரோடு வேடிக்கை பார்க்க வந்தான். ஒட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு முனை, அந்தப்பக்கம் ஒரு முனை வைத்தான். மின்சாரம் போகிறது என்று மீட்டர் பீப் அடித்தது. அடுத்த கோடு, பீப். ஐந்தும் கத்தின. தகட்டில் வைத்தான், அதுவும் கத்தியது.

"அண்ணி, மீட்டர்ல ஏதோ கோளாறு போல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். தம்பி, நீ வீட்டுக்குப் போ."

அவன் போகவில்லை. கீழே குனிந்து ஒட்டுகளை நகத்தால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, தன் டார்ச் லைட்டில் ஒரு ஸ்பிரிங் கழன்றிருப்பதாகவும், பசை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் மெதுவாகக் கேட்டான்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி முற்றத்தில் பனி இறங்கியிருந்தது. வண்டி மேனேஜர் கறாரான ஆள் என்று ஊரே சொல்லும். பிரேக், டயர், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டுப் பின்கண்ணாடிக்கு வந்தார். ஐந்து சாம்பல் தழும்புகளையும் பார்த்தார்.

"என்னம்மா இது, மூட்டைப்பூச்சியை நசுக்கி வெச்ச மாதிரி?"

"கோடு அறுந்துபோச்சு சார். ஒட்டியிருக்கேன்."

"ஒட்டுப்போட்ட கண்ணாடியை வெச்சுக்கிட்டா என் நர்ஸுங்களை ஏத்தப்போறீங்க? மாத்தின கண்ணாடின்னா ஒத்துக்கலாம். ஒட்டினதுக்கு என் ஃபாரத்துல கட்டமே இல்லை."

அவள் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தாள். "ஒட்டைப் பார்க்காதீங்க சார். உங்க சோதனையை வைங்க. ஒரு கோடு சூடாகலேன்னாலும் நானே வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடறேன்."

மேனேஜர் கொதிக்கும் கெட்டிலை எடுத்துவரச் சொன்னார். அதுதான் அவர் சோதனை. கெட்டிலைப் பின்சீட்டின் கீழே வைத்து, மூடியைத் திறந்து, கதவுகளை அடைத்துவிடுவார். மூன்று நிமிஷத்தில் உள்ளே ஆவி சூழ்ந்து, பின்கண்ணாடி வெள்ளைச் சுவராகிவிடும். பிறகு சுவிட்சைப் போட வேண்டும். பத்து நிமிஷத்துக்குள், வண்டிக்குப் பின்னால் நிற்கும் ஆம்புலன்ஸ் டிரைவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று ஸ்டியரிங்குக்கு மேலே இருக்கும் உள்கண்ணாடியில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவள் ஸ்டியரிங் முன்னால், மேனேஜர் பக்கத்தில், கையில் கடிகாரம். சுவிட்சைத் தட்டினாள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிஷமும் ஒன்றுமில்லை. மூன்றாவது நிமிஷம் வெள்ளையில் ஒரு கீற்று விழுந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஏழு விழுந்தன. அவை பிளேடு படாத கோடுகள், அவளுக்குத் தெரியும். நடுவில் மீன் இருந்த இடம் அப்படியே வெள்ளையாக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு நடுவிலும் ஒரு கீற்று, அதன் அடியில் இன்னொன்று, அடுத்தடுத்து மூன்று. வாய்க்குள் எண்ணினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு! கீற்றுகள் அகலமாகி ஒன்றோடொன்று கை கோத்தன. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிஷம் இருபது விநாடி.

"எத்தனை விரல்?"

"மூணு."

"இப்ப?"

"அஞ்சு. இப்ப ரெண்டு. இப்ப விரல் காட்டலை சார், காதைச் சொறியறார்."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் சொறிந்துகொண்டுதான் இருந்தார். "போதும்மா," என்று ஃபாரத்தை மடியில் வைத்து, கட்டம் இல்லாத இடத்தில் தானே ஒரு கட்டம் போட்டு, அதற்குள் டிக் அடித்து, கையெழுத்தும் போட்டார். அவள் நிறுத்தவில்லை. சந்தோஷத்தை, பின்கண்ணாடியில் தெரிந்ததையெல்லாம் சொல்லித்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

"அவருக்குப் பின்னால இரும்பு கேட் சார். பச்சை பெயிண்ட், அடியில துருப்பிடிச்சிருக்கு. ஒரு நர்ஸம்மா நைட் டியூட்டி முடிஞ்சு வர்றாங்க. ரொம்பக் களைச்சுப்போயிருக்காங்க. இடது ஷூ லேஸ் அவிழ்ந்து தரையில இழுபடுது."

ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "நர்ஸம்மா, லேஸைக் கட்டிக்கிட்டுப் பார்த்து வாங்க. வீடு எந்தப்பக்கம்னு சொல்லுங்க, என் வண்டியில கொண்டுபோய் விடறேன்."