றெக்சனின் சட்டையில் குத்திய பூ

எல்சியின் இடது தோளில், சேலை மடிப்போடு சேர்த்து, ஒரு கறுப்புத் துணித்துண்டு எப்போதும் ஊசியால் குத்தியிருக்கும். தீப்பெட்டி அளவுதான். வேதக்காரரான கத்தோலிக்கர் வீடுகளில் சாவு விழுந்தால் ஒரு வருடம் குத்துகிற துண்டு அது. வருடம் முடிந்ததும் பூசை வைத்துக் கழற்றிவிடுவார்கள். எல்சி கழற்றவில்லை. துணி வெளிறினால் புதிதாக ஒன்று வெட்டிக் குத்துவாள். மகன் றெக்சன் செத்த வருடத்திலிருந்து இதே கதைதான்.

அந்தத் துண்டைக் கண்டால் ஆளாளுக்கு ஏதோ செய்யும். பங்குச் சுவாமி, இவ்வளவு காலம் கறுப்பு வைத்திருப்பது விசுவாசக் குறைவு என்றார். "றெக்சன்ர கல்லறையக் காட்டுங்கோ சுவாமி, அதில வைச்சுக் கழட்டுறன்" என்று எல்சி சொன்னாள். சுவாமி அதற்குப் பிறகு அவளோடு மழையைப் பற்றித்தான் கதைத்தார். அவள் தேத்தண்ணி ஊற்றுகிற திருகோணமலை அரசாங்கக் கந்தோரில், சுதந்திர தினத்துக்காவது அதைக் கழற்றி வை என்று மேலதிகாரியான பெரியவர் சொல்லிப் பார்த்தார். நினைவேந்தல் குழுச் சசிகரன், மாவீரனின் தாய் சிவப்பு மஞ்சளல்லவா குத்தவேண்டும் என்றான். எல்சி ஒருவருக்கும் மசியவில்லை. வாயும் சும்மா இருக்காது. "என்ர தோளில என்ன இருக்கெண்டு பாக்கிறதுக்கே சம்பளம் தாறாங்கள் போல" என்று எல்லாருக்கும் கேட்கவே சொல்லுவாள்.

எல்சி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் குடாவுக்கு அக்கரையில், மூதூருக்குக் கிழக்கே ஒரு கடலோரக் கிராமத்தில். புருஷன் யோசேப் வலை இழுத்தான். மூத்தவன் றெக்சன், நெடுங்காலம் கழித்துப் பிறந்தவள் சுதர்ஷிகா. இரண்டாயிரத்து ஆறில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் றெக்சனைப் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. அவனுக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. எல்சி முகாம் வாசலில் போய் நிலத்தில் விழுந்து கத்தினாள். வாசலில் நின்றவன், "வீட்டுக்கு ஒராள் தரத்தான் வேணும் அம்மா" என்று, ஏதோ கோயில் வரி கேட்கிறவன்போலச் சொன்னான். பிறகு சண்டை மூண்டது. ஆவணியில் பெட்டி வந்தது, மூடி ஆணியடித்த பெட்டி. முகத்தை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். திறக்க விடவில்லை. சுவாமியில்லாமல், செபமில்லாமல் கொண்டுபோய்த் தங்களுடைய இடத்தில் தாட்டுவிட்டு, "விதைச்சிருக்கிறம்" என்றார்கள்.

அடுத்த கிழமையே ஷெல் மழை. உடுத்த துணியோடு ஓடி, முகாம் முகாமாகக் கிடந்து, கடைசியில் இக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது றெக்சனைத் தாட்ட இடம் வெறும் வெளியாகக் கிடந்தது. கல்லறையை இயக்கம் கட்டியது, ஆமி புல்டோசர் விட்டு இடித்தது. கட்டும்போதும் இடிக்கும்போதும் பெற்றவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் யோசேப் நெஞ்சு வருத்தத்தில் போனபோது எல்சி அவனுக்கும் ஒரு துண்டு குத்தினாள். வருடப் பூசை முடிய முறைப்படி கழற்றினாள். அவனுக்குக் கல்லறை இருந்தது. மற்றத் துண்டு தோளிலேயே நின்றது.

றெக்சனின் மிச்சமென்று அவளிடம் இருந்தது ஒரேயொரு படம். ஒன்பது வயதில் கோயிலில் முதல்நன்மை, முதல் நற்கருணை, எடுத்தபோது பிடித்தது. வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் மெழுகுதிரி, நெஞ்சில் வெள்ளை ரிப்பனில் செய்த பூ. அந்த ரிப்பன் பூவை எல்சியே கை ஊசியால் தைத்தாள். ஓடின ஓட்டமெல்லாம் அந்தப் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் ஓடினாள். இக்கரைக்கு வந்ததும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். வேலைக்குப் போகும்போது, "நேரமாச்சு, போட்டு வாறன்" என்று அதற்குச் சொல்லிவிட்டுப் போவாள்.

எல்லா வில்லங்கமும் கார்த்திகை மாதத்தில்தான் வரும். முதலில் கந்தோருக்குப் பொப்பி மலர் வரும். செத்த படையினரின் நினைவாகக் குத்துகிற சிவப்புக் காகிதப் பூ. அதைத் தட்டில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போகிறவள் ஜுமானா. தோப்பூர் முஸ்லிம் பிள்ளை, எழுதுவினைஞர், எல்சிக்கு மகள் வயதுக்குக் கொஞ்சம் மேல். அவளுடைய வாப்பா அரசாங்கத்தின் ஊர்காவல் படையில் இருந்தவர். வயலுக்குப் போகிற சனத்துக்குக் காவல் நின்ற இடத்தில் இயக்கம் சுட்டுப் போட்டது. மற்றவர்களுக்கு அந்தப் பூ பெரியவருக்குக் காட்டுகிற பூ. ஜுமானாவுக்கு அப்படியில்லை. ஒவ்வொரு வருடமும் எல்சி அதை வேண்டாமென்று போகும்போது ஜுமானாவின் முகம் இறுகும். எல்சி அதைக் கண்டாலும் காணாததுபோலப் போய்விடுவாள்.

இந்த வருடம் ஜுமானா விடவில்லை. கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்சி இரண்டு கையிலும் தேத்தண்ணித் தட்டத்தைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். ஜுமானா எழும்பி வந்து, கறுப்புத் துண்டுக்கு மேலேயே பொப்பியை வைத்து ஊசியைக் குத்திவிட்டாள். அந்த நேரம் பார்த்து யாரோ படமும் எடுத்தார்கள். எல்சி தட்டத்தைப் பெரியவரின் மேசையில் டங்கென்று வைத்தாள். பூவைப் பிய்த்து, ஒருவர் குடித்து வைத்த கோப்பைக்குள் போட்டாள்.

"என்னக்கா செய்றீங்க?" ஜுமானா கத்தியேவிட்டாள். "அது எங்கட வாப்பாக்குக் குத்துற பூ!"

"உங்கட வாப்பாக்கெண்டா உங்கட தோளில குத்துங்கோ. எங்கள ஷெல்லடிச்சுக் கலைச்சவங்களுக்கும் அதே பூதானே? என்னில குத்த ஏலாது."

"எங்கட வாப்பாவச் சுட்ட படையிலதானே உங்கட மகனும் இருந்தாரு. அவருக்கு நீங்க நெடுகக் கறுப்புக் குத்துவீங்க. நாங்க ஒரு நாளைக்குப் பூக் குத்தினா உங்களுக்குப் பத்தி எரியுதோ?"

எல்சி சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது, "என்ர பிள்ளையப் பற்றிக் கதைச்சா வாயக் கிழிப்பன்" என்பதுதான். பெரியவர் இருவரையும் அதட்டி இருத்தினார். அன்றிலிருந்து ஜுமானா எல்சியின் கையால் தேத்தண்ணி வாங்குவதில்லை. வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவந்தாள்.

பூவைக் கோப்பையில் போட்டதை யாரும் படம் எடுக்கவில்லை. பூ தோளில் நின்ற அந்த ஒரு நொடிதான் கந்தோரின் முகநூலில் வந்தது. பின்னேரமே ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. எல்சி வீட்டுக்குப் போனபோது சுதர்ஷிகா கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஆமின்ர பூவக் குத்திக்கொண்டு நிக்கிறீங்கள். அண்ணாவ நினைச்சுப் பாத்தீங்களோ?"

"நான் குத்தேல்ல. கந்தோரில ஒருத்தி குத்திவிட்டவள். பிய்ச்சு எறிஞ்சிட்டன்."

"படத்தில அப்பிடி இல்லையே. வெளியில தலை காட்ட ஏலாமக் கிடக்கு. மாவீரனப் பெத்தவள் எண்டு ஒரு மானம் வேண்டாமோ?"

"அவன் மாவீரனில்லையடி. பள்ளிக்கூடப் பையோட போன பொடியன்."

"நீங்கள் இப்பிடிச் சொல்லிச் சொல்லி அவன ஒண்டுமில்லாதவனாக்கிப் போட்டீங்கள்!" சுதர்ஷிகா அழுதாள். அழும்போதும் அவளுக்குக் கோபம்தான். அண்ணன் போனபோது அவள் குழந்தை. அவனுடைய குரல்கூட அவளுக்கு ஞாபகம் இல்லை. வீணாய்ச் செத்த அண்ணனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அது எல்சிக்கும் விளங்கத்தான் செய்தது. விளங்கினபடியால் ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை. தாயும் மகளும் கதைப்பதை விட்டார்கள்.

இயக்கத்தில் செத்தவர்களுக்குச் சுடர் ஏற்றுகிற மாவீரர் நாளுக்குச் சில நாள் முன்னர், வேலையால் வந்த எல்சி சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும் நின்றது.

"சசிகரன் அண்ணாட்டக் குடுத்தனான்" என்றாள் சுதர்ஷிகா, திரும்பிப் பாராமல். "பெருப்பிச்சு வைக்கினமாம். எல்லாற்ற படமும் இருக்கேக்க எங்கட அண்ணான்ர மட்டும் இல்லை. தந்திடுவினம்."

எல்சி செருப்புப் போடாமலே சசிகரன் வீட்டுக்கு ஓடினாள். ஆள் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஸ்ரூடியோவில் விசாரித்தால் குழு கொண்டுபோய்விட்டதென்றார்கள். மாவீரர் நாளன்றைக்குத்தான் படம் கண்ணில் பட்டது.

கடற்கரைக் காணியொன்றில் பந்தல். றோட்டுக்கரையில் பொலிஸ் நின்று படம் பிடித்தது. உள்ளே வந்த சனத்தின் நெஞ்சிலெல்லாம் கார்த்திகைப்பூ, சிவப்பும் மஞ்சளும். சுதர்ஷிகாவும் குத்தியிருந்தாள். படங்கள் வரிசையாக நின்றன. வளர்ந்த ஆண்கள், இறுகின முகங்கள். அவர்களுக்கு நடுவில் எண்ணெய்த் தலையோடு ஒன்பது வயது றெக்சன் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கையில் மெழுகுதிரி இல்லை, கையே இல்லை. ரிப்பன் பூ இருந்த இடத்தில், அவன் நெஞ்சளவுக்கு ஒரு கார்த்திகைப்பூ.

எல்சி சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். "என்ர படம் எங்க?"

சசிகரன் குரலைத் தாழ்த்தினான். "கோவிக்காதேங்கோ அம்மா. பழைய படம் உப்புக் காத்துக்குக் கண்ணாடியோட ஒட்டிப் போச்சு. கழட்டேக்க கீழ்ப்பாதி உரிஞ்சிட்டுது. முகம் மட்டும் தப்பினது. அதுதான் பூவ வைச்சு மறைச்சவங்கள். வடிவாத்தானே இருக்கு?"

"மிச்சம்?"

"அது இனி ஒண்டுக்கும் உதவாதெண்டு ஸ்ரூடியோவில எறிஞ்சுபோட்டாங்கள்."

ஓடின ஓட்டமெல்லாம் நனையாமல் கிழியாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த படம். எல்சி கத்தியது பந்தல் முழுக்கக் கேட்டது.

"அவனக் கொண்டுபோகேக்கயும் என்னட்டக் கேக்கேல்ல. படத்தக் கொண்டுபோகேக்கயும் கேக்கேல்ல. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"அம்மா, சத்தம் போடாதேங்கோ. றோட்டில பொலிஸ் நிக்கிறான். றெக்சன் இப்ப உங்கட பிள்ளை மட்டுமில்லை, இந்த மண்ணின்ர பிள்ளை."

"மண்ணோ அவனப் பெத்தது?" என்று கேட்டுக்கொண்டே எல்சி படத்தைத் தூக்கினாள். ஒருவன் தடுக்கக் கை நீட்டினான். தட்டிவிட்டாள். "பொப்பி குத்தினவள்தானே, போகட்டும்" என்று பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. "துரோகி" என்று இன்னொரு குரல். முன்வரிசையில் நின்ற சுதர்ஷிகா தாயைப் பார்க்கவில்லை. அண்ணனின் படம் நின்ற வெறும் இடத்துக்கு முன்னால் கையில் சுடரோடு நின்றாள். எல்சி அவளைக் கூப்பிடவில்லை. தடித்த மட்டையில் ஒட்டின படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பொலிஸ்காரன் கைபேசியைத் தூக்கி அவளையும் படம் எடுத்தான். "எடு, எடு, நீயும் எடு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் படத்தை மேசையில் சாத்தி வைத்துப் பார்த்தாள். கிழித்து எறிய மனம் பொங்கியது. எறிந்தால் முகமும் போய்விடும். இனி இதுதான் றெக்சன். இந்தப் பூவோடுதான் அவன் அவளைப் பார்த்துச் சிரிக்கப்போகிறான்.

எல்சி தோளிலிருந்த கறுப்புத் துண்டைக் கழற்றி, ஊசியை மேசையில் வைத்தாள். படத்திலிருந்த பூவுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். பூ பெரிது, துண்டு சிறிது, இதழ்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அலுமாரியைத் திறந்து, தன்னுடைய கறுப்புச் சட்டையொன்றில் பூவை மறைக்கிற அளவு வெட்டினாள். மேசையிலிருந்த ஊசியை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்தாள். குசினிக்குப் போய் ஒரு பிடி சோறு எடுத்துவந்தாள். சோற்றை மசித்துத் துணியில் பூசி, பூவுக்கு மேல் ஒட்டினாள்.

பசை காயமுன்னரே சுதர்ஷிகா வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. கார்த்திகைப்பூ இன்னும் நெஞ்சில் இருந்தது. படத்தைப் பார்த்தாள், தாயின் வெறும் தோளைப் பார்த்தாள்.

"எல்லாற்ற முன்னாலயும் என்னக் கேவலப்படுத்திப்போட்டு, இப்ப படத்தையும் பழுதாக்கிறீங்கள்."

"பழுதாக்கினது ஆரெண்டு உனக்குத் தெரியும்."

ஒரு மூலையில் துணி உரிந்து தொங்கியது. சுதர்ஷிகா பல்லைக் கடித்துக்கொண்டு மேசையிலிருந்த ஊசியை எடுத்தாள். "சோத்தில நிக்காது. செய்யிறதெண்டா ஒழுங்காச் செய்யுங்கோ." ஊசி முனையைத் துணியில் வைத்தாள்.

எல்சி அவள் கையைப் பளாரென்று தட்டினாள். ஊசி நிலத்தில் விழுந்தது.

"நெஞ்சில குத்தாத."

"படமம்மா அது. வெறும் மட்டை."

"குத்தாத எண்டன்." எல்சி உரிந்த மூலையைப் பெருவிரலால் அமத்திப் பிடித்தாள். "அவனுக்கு எங்க காயம் பட்டதெண்டு எனக்குத் தெரியாது. பெட்டியத் திறக்க விடேல்ல."