எஞ்சின் நம்பர் இல்லாத வண்டி

எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் விலை ஏறி எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த சமயம். செங்கல்பட்டில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்கு வேலை. வண்டியைப் பார்த்துவிட்டு, பாலிசி கொடுக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

மகாபலிபுரத்துக்கு டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த கடைத்தெரு பாய் ஒருவர், அதை விற்றுவிட்டு மெட்ராஸ் பட்டறையில் செய்த பேட்டரி வேன் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். இன்சூரன்ஸ் இல்லாமல் ஆள் ஏற்ற முடியாது. எங்கள் மேனேஜரோ, கண்டறியாத வண்டிக்கெல்லாம் நாம் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்று தட்டிக்கழித்தார். கடைசியில் பாயின் நச்சரிப்பு தாங்காமல் என்னை அனுப்பிவைத்தார்.

எஞ்சின் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது எங்கள் வழக்கம். நானும் வண்டிக்கு அடியில் புகுந்தேன். சட்டையெல்லாம் கிரீஸைப் பூசிக்கொண்டு தேடு தேடென்று தேடிய பிறகுதான், இதற்கு எஞ்சினே கிடையாது என்பது என் மண்டையில் உறைத்தது. பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு துடைக்கத் துணி கொடுத்தார்.

ஓட்டிப் பார்க்க மகாபலிபுரம் கிளம்பினோம். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். இவ்வளவு மெதுவாகப் போகிற வண்டி எங்கே மோதப்போகிறது, உங்கள் கம்பெனிக்குத்தான் லாபம் என்றார் பாய். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வேன் நின்றேவிட்டது. இஸ்திரி போட்ட பேண்ட்டோடு தள்ளினேன். ஊஹூம். வழியில் வந்த வைக்கோல் வண்டிக்காரர் இரக்கப்பட்டுக் கயிறு கட்டி இழுத்தார். சுவிட்சை அணைக்க மறந்து நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம். ஒரு பள்ளத்தில் குலுங்கியதும் விட்டுப்போன ஒயர் தானாகப் பிடித்துக்கொண்டதோ என்னவோ, வேன் சத்தமே இல்லாமல் துள்ளிப் போய் வைக்கோலுக்குள் தலையை விட்டது. மாடுகள் மிரண்டு ஓட, பின்னாலேயே நாங்களும் போனோம். பாய் சுவிட்சை அணைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்லவேளை, மனுஷருக்கும் மாட்டுக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பாய் சாலையோரம் இடிந்துபோய் உட்கார்ந்தார். இருந்த டாக்ஸியும் போச்சு. பாவம், எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனது ஆகட்டும், பாலிசி கொடுக்கலாம் என்றே எழுதிவிடுகிறேன் என்றேன்.

அவர் வேனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "வேணாம் சார். என் வூட்டு ஆளுங்கள நான் இதுல ஏத்த மாட்டேன். நீங்க எழுதிக் குடுத்துட்டா ஊரான் வூட்டுப் புள்ளைங்கள ஏத்திக்கினு போவேன். அதான் சார் பயமாகீது."

வேனைப் பட்டறைக்காரரிடமே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, இன்னொருவர் டாக்ஸிக்கு டிரைவராகப் போனார் பாய். அதன் பிறகு எத்தனையோ வண்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பேனாவைத் திறக்கும் முன், என் பெண்டாட்டி பிள்ளைகளை மனசுக்குள் அந்த வண்டியில் ஏற்றி உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்கிறேன்.