கஞ்சியில் கலந்த ஏரிப்பாசி

சட்டையின் மேல் பட்டனைப் போட முடியவில்லை. சின்னசேலத்தில் துணிக்கடை வைத்திருப்பவன் நான். சலவையில் துணி சுருங்கிவிட்டதென்று கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தேன். சட்டைமேல் தப்பில்லை, கழுத்தில்தான் கட்டி. லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்) என்று சேலத்தில் சொன்னார்கள்.

கீமோ ஏற்றியதும் வெள்ளணுக்கள் (கிருமிகளை எதிர்க்கும் இரத்த அணுக்கள்) மளமளவென்று குறைந்தன.

"இப்ப சாதாரணக் காய்ச்சலே ஆபத்து பாய். வேகாத எதையும் வாயில வெக்காதீங்க" என்றார் டாக்டர்.

அணுக்கள் ஏறினால்தான் அடுத்த கீமோ.

என் மகள் ஷபானா நன்னீர்ப் பச்சைப்பாசியை ஆராய்கிறாள். அதிலுள்ள பாலிசாக்கரைடு (சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்), கண்ணாடித் தட்டில் வளர்க்கும் எதிர்ப்பணுக்களைத் தட்டி எழுப்புகிறதாம். அதை அவள் ஃபோனில் சொன்னபோது என் மனைவியின் தம்பி காதர் பக்கத்தில் இருந்தான். வந்தது வினை.

ஏரியில் பாசியை அள்ளி வந்து, பக்ரீத் கறியை உப்புக்கண்டம் போடும் மாடிக்கொடியில் காயவைத்திருக்கிறான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அது ரமலான் மாதம். நோயாளி, எனக்கு நோன்பில்லை. ஆனாலும் நோன்புக் கஞ்சியை விட மனமில்லை. அன்று காதர் நீட்டிய கஞ்சி பச்சைப்பசேலென்று இருந்தது. புதினா ஜாஸ்தி போலிருக்கிறது என்று வாயருகே கொண்டு போனேன். லீவில் வந்திருந்த ஷபானா வெடுக்கென்று பிடுங்கி மோந்து பார்த்தாள்.

"இன்னா கலந்தீங்க மாமா?"

"நீ சொன்ன பாசிதாம்மா. பொடி பண்ணிக்கினு வந்து மேலாப்புல தூவினேன்."

"ஐயோ மாமா! நாங்க சுத்தமா வளர்த்து, வெந்நீர்ல காய்ச்சி, அந்தச் சர்க்கரைய மட்டும் பிரிச்சு எடுக்கிறோம். அதையே இன்னும் நாங்க மனுசனுக்குக் குடுத்துப் பாக்கல. இது ஏரி அழுக்கு. கிருமி உள்ள போனா அத்தா தாங்கமாட்டாரு!"

காதர் சுவரோரம் உட்கார்ந்து தேம்பினான். "மச்சான் பொழைக்கணும்னுதாம்மா செஞ்சேன்."

எனக்குக் கோபமே வரவில்லை. இதே நோயோடு இதைப் படிப்பவர்களே, பிரியத்தோடு வருவதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டே வாயில் வையுங்கள்.

அணுக்கள் தாமே மெல்ல ஏறின. சிகிச்சை முடிந்து கட்டி கரைந்தபின் ஷபானா என்னைத் தன் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள். மைக்ரோஸ்கோப்பில் பாசி, பச்சை மணிகளாக மின்னியது. படித்துறையில் வழுக்கும் சனியன் என்று நான் ஏசியது இதையா! அடுத்த தட்டில் எதிர்ப்பணுக்கள் உருண்டையாகச் சும்மா கிடந்தன. பாசிச் சர்க்கரை சேர்த்த தட்டிலோ அவை கைகால் நீட்டிப் பரந்திருந்தன. அடேயப்பா, இத்தனூண்டு பாசிக்குள் இவ்வளவு சூட்சுமமா! கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

இந்த ரமலானில் நோன்பு வைத்திருக்கிறேன். மேல் பட்டனைச் சிரமமில்லாமல் போட முடிகிறது. காதர் கஞ்சியை வைத்துவிட்டு, "புதினாதான் மச்சான், சத்தியமா புதினாதான்" என்கிறான்.

முன்பெல்லாம் நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு எப்போது சொல்வார்கள் என்று கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருப்பேன். இப்போது கழுத்தைத் தடவியபடி உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என் அணுக்கள் கைகால் நீட்டி வேலை செய்துகொண்டிருக்கும். பாங்கு அதன் நேரத்துக்கு வரட்டும், எனக்கு அவசரமில்லை.