தள்ளுக்காரி அக்கா

எங்கள் கம்பெனியில் மனித உருவில் ரோபோ செய்கிறோம், கிடங்கிலும் ஆலையிலும் பெட்டி தூக்க. அக்கா அங்கே பெருக்க வந்தவள். ஒருநாள் வழியில் நின்ற ரோபோவை, "நகரு, பெருக்கணும்" என்று துடைப்பக் கட்டையால் தள்ளினாள். அது மல்லாந்து விழுந்தது. வேலை போச்சு என்று நடுங்கியவளுக்கு அதையே வேலையாகக் கொடுத்தார்கள். ரோபோக்கள் விழாமல் நிற்கப் பழக, யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமே.

பஞ்சு சுற்றிய கழியால் ஒரு நாளைக்கு முந்நூறு தள்ளு. விழுந்ததா, நின்றதா என்று குறிப்பது என் வேலை. "பாருடா, இடது குதிகால் தூக்குது. விழப்போகுது" என்பாள். வாய் மூடுவதற்குள் தொப்பென்று விழும். "உங்க மாமியாரத் தள்ளிப் பழகுனீங்களா அக்கா?" என்பேன். கழி என் முதுகைத் தேடி வரும்.

அவள் கணவர் கிடங்கில் மூட்டை தூக்கி இடுப்பு போய், வீட்டோடு இருந்தார். ஒரு திங்கட்கிழமை அக்கா முகமே சரியில்லை.

"அவருக்கும் இடது குதிகால் தூக்குதுடா. குளிக்கப் போறப்ப பாத்தேன். நாலு நாள் லீவு வேணும், டாக்டர்கிட்ட காட்டணும்."

"வெள்ளிக்கிழமை பத்து ரோபோ அனுப்பணும்மா. முடிச்சிட்டுப் போங்களேன்" என்றார் மேலாளர். அக்கா தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வியாழன் மதியம், பத்தாவது ரோபோ எவ்வளவு தள்ளியும் விழவில்லை. கைதட்டினோம். அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் பக்கத்து வீட்டுக்காரம்மா போன் செய்தார். அக்காவின் கணவருக்குக் குளியலறையில் விழுந்து தலையில் அடி. அக்கா வீட்டுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கேட்டபோது நாலு நாள் இல்லை. இப்போது இருபது நாள் தாராளமாகக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தவள் கழியை எடுத்தாள். எதிரே புது ரோபோ. ஒரு தள்ளு தள்ளினாள். அதன் இடது குதிகால் தூக்கியது. அக்கா கழியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அதன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பிடிக்காதீங்க! தள்ளுங்க!" என்று கண்ணாடி அறையிலிருந்து இன்ஜினியர் கத்தினார்.

அவள் விடவில்லை. அதன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "மெதுவாங்க, மெதுவா. நான்தான் பிடிச்சிருக்கேன்ல" என்றாள்.