சோலெங்கின் எதிரி

சோலெங்குக்கு ஒரு எதிரி இருந்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல எதிரி. இந்தக் காலத்தில் காசு கொடுத்தாலும் அப்படி ஒருத்தன் கிடைக்கமாட்டான்.

மணிலாவின் குபாவ் சந்தையில் சோலெங்குடையது கருவாட்டுக் கடை. எதிர்க்கடை ஹில்யோவுடையது. மெஷினில் தேங்காய் துருவி, எடை போட்டுக் கொடுப்பான். நடுவே நாலு முழம் ஈரத் தரை. சந்தையை விட்டு வெளியே வந்தால் கொலிசியம் என்கிற பெரிய விளையாட்டரங்கம். கூடைப்பந்து நடக்கிற சாயங்காலங்களில் அங்கே எழும் கூச்சல் கருவாட்டுக் கூடை வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்க மனுஷனால் முடியுமா? இரண்டு பேரும் கடையைச் சாத்திவிட்டு ஓடுவார்கள். அவள் கிறிஸ்பா டீம் பக்கம். அவன் டொயோட்டா பக்கம்.

அந்தக் காலத்தில் மணிலாவில் பிறந்தவன் ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னால் இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டாக வேண்டும். மூன்றாவது டீம்களும் இருந்தன, இருந்துவிட்டுப் போகட்டும். அண்ணன் கிறிஸ்பா, தம்பி டொயோட்டா என்றால் அந்த வீட்டில் இறுதி ஆட்ட வாரத்தில் சோறு தனித்தனிப் பானையில்தான். நடுவர் விசில் பிடிக்கவில்லை என்றால் கொலிசியத்தின் மேல்மாடியிலிருந்து காசு பறக்கும். சோலெங்கும் எறிந்திருக்கிறாள். மீன் விற்ற சில்லறை. தரையில் விழுந்ததும் டொயோட்டாக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டான் என்று சாகும்வரை சாதிப்பாள்.

இரண்டு பேருக்கும் ஒரு சட்டம் இருந்தது. இறுதி ஆட்டத்தில் தோற்றவர் மறுநாள் ஜெயித்தவரின் டீம் பனியனைப் போட்டுக்கொண்டு, ஜெயித்தவரின் கடையில் பொழுதெல்லாம் நின்று கூவி விற்க வேண்டும். வாயை மூடினால் செல்லாது. முனகினாலும் செல்லாது.

எழுபத்தைந்தில், முதல் கோப்பையே டொயோட்டாவுக்குப் போனது. அப்போது சோலெங்குக்கு இருபத்தைந்து வயது, வாய் முழுக்கத் திமிர். மறுநாள் தொளதொளவென்று ஒரு டொயோட்டா பனியனுக்குள் நின்று, "தேங்கா! டொயோட்டா தேங்கா! வாங்க, வாங்க!" என்று கத்தினாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஹில்யோ ஸ்டூல் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"சத்தம் பத்தல. உங்க டீமு தொண்டையையும் சேத்துத் தோத்துடுச்சா?"

"இருய்யா இரு. ஆனைக்கு ஒரு காலம்னா பூனைக்கும் ஒரு காலம் வரும்."

வந்தது. அடுத்த வருடம் மூன்று கோப்பையும் கிறிஸ்பாவுக்கு. அந்த நாட்களில் ஹில்யோ கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் நின்று, "கருவாடு! கிறிஸ்பா கருவாடு! நாறும், ஆனா ஜெயிச்ச நாத்தம்!" என்று கூவியதைக் கேட்க மாடிக் கடைக்காரர்களெல்லாம் இறங்கி வந்தார்கள். அன்றைக்கெல்லாம் சோலெங்குக்கு மத்தியானத்துக்குள் சரக்குத் தீர்ந்தது.

அவளுக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். புருஷன் தங்கமான மனுஷன், ஆனால் குத்துச்சண்டை பார்க்கிறவன். அவனோடு என்ன பேசுவது? காலையில் கடையைத் திறந்து ஹில்யோவைப் பார்த்து முதல் வசவை உதிர்த்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும். காதல் கீதல் என்று யாராவது சொன்னால் செருப்பு பிய்ந்துவிடும். அதெல்லாம் இல்லை. அது பகை. சுத்தமான பகை.

அப்படி ஒன்பது வருடம்.

எண்பத்துநாலு தொடக்கத்தில் ஒரு நாள், டொயோட்டா டீமைக் கலைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சோலெங் சந்தை நடுவில் கருவாட்டுத் தட்டைத் தட்டிக்கொண்டே ஆடினாள். ஆடியதோடு விட்டாளா? நேரே பூக்கடைக்குப் போனாள். சாவு வீட்டுக்கு அனுப்புகிற பெரிய மலர்வளையம் ஒன்று, காலோடு நிற்கிற ரகம், வெள்ளைச் செவ்வந்தி. ரிப்பனில் எழுதச் சொன்னாள்: 'டொயோட்டாவுக்கு நித்திய இளைப்பாறுதல். இப்படிக்கு, கிறிஸ்பா ரசிகர்கள்.' மறுநாள் காலையில் அதை ஹில்யோ கடை வாசலில் நிறுத்தினாள். சந்தையே சேர்ந்து சிரிக்கக் காத்திருந்தது.

ஹில்யோ வந்தான். ரிப்பனைப் படித்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். அவன் வளையத்தைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தான், தள்ளிக்கொண்டே போய்விட்டான். அன்றைக்கு அவன் மெஷின் ஓடவில்லை.

ஐந்தாம் நாள் அவன் அம்மா இறந்துவிட்டாள் என்று தெரிந்தது. நோயாளிதான், படுத்த படுக்கைதான். ஆனால் சந்தை வாய் சும்மா இருக்குமா? "உசுரோட இருக்கிறவன் வாசல்ல வளையம் வெச்சா எமன் வெலாசம் கண்டுக்காமப் போயிடுவானா?" என்று முட்டைக்காரி அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள். சோலெங்குக்கு நெஞ்சில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. துக்கம் கேட்கக் கிளம்பி, அவன் சந்து முனை வரைக்கும் போனாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ராவிழித்துச் சீட்டாடுகிறவர்களின் சத்தம் கேட்டது. அதற்குமேல் கால் வரவில்லை. திரும்பிவிட்டாள். ஒன்பதாம் நாள் யாருக்கும் தெரியாமல் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஹில்யோ அம்மாவைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தான், அங்கேயே தங்கிவிட்டான். அது எந்த ஊர் என்று சந்தையில் யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை. எதிர்க்கடைக்குப் பிளாஸ்டிக் வாளி விற்கிறவன் வந்தான்.

வருடம் திரும்புவதற்குள் கிறிஸ்பாவும் இல்லாமல் போனது.

அந்த நாளைச் சோலெங்கால் மறக்க முடியவில்லை. கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து எதிரே பார்த்தாள். சிவப்பு வாளி, நீல வாளி. ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் வந்தார்கள். கேலி பண்ண ஒருத்தன் வரவில்லை. வாயில் போட்ட சோறு உப்பில்லாமல் இறங்கியது.

அதற்கப்புறம் முப்பத்துநாலு வருடம். புருஷன் போய்ச் சேர்ந்தான். கடை மகனிடம் போனது. பிற்பாடு வந்த டீம்களின் ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டு திட்டுவாள். "ஆட்டம் முடிஞ்சதும் கட்டிப்புடிக்கிறானுங்க பாரு! என்னடா இது, கல்யாண வீடா? போன வருசம் அங்க ஆடினவன் இந்த வருசம் இங்க ஆடுறான். நான் யாரைத் திட்டுறது?" மகன் சத்தத்தைக் குறைப்பான். பழைய ரசிகர்கள் கூடிப் பேசுகிற இடங்களுக்கும் போய்ப் பார்த்தாள். எல்லோரும் கிறிஸ்பாக்காரர்கள், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தலையாட்டுகிறவர்களிடம் பேசி என்ன புண்ணியம்? அவளுக்கு ஹில்யோ வேண்டும். அவன் மன்னித்தானா இல்லையா என்று தெரிய வேண்டும். அதைவிட, அவன் வாயால் அந்தக் கேலியைக் கேட்க வேண்டும். கிறிஸ்பா செத்ததற்கு அவன் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறதே, அது.

ஒரு நாள் மகனின் கடையில் அவள் உட்கார்ந்திருந்தபோது, தேங்காய் லாரி ஓட்டுகிற டாடோங் வந்து நெத்திலி வாங்கிக்கொண்டே சிரித்தான்.

"குமாக்கா சந்தையில ஒரு கெழவன் இருக்கான் அக்கா. முழு லூசு. தேங்கா விக்கிறான். கிறிஸ்பாதான் பெரிய டீமுன்னு எங்கப்பா சொல்லுவாருன்னு தெரியாம வாய விட்டுட்டேன். தேங்காய்க்கு ஒரு பேசோ கூடப் போட்டுட்டான்! கிறிஸ்பா வரியாம்!"

சோலெங்கின் கையிலிருந்த தராசுத் தட்டு தரையில் விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் குபாவிலிருந்து பஸ் ஏறினாள். ஐந்து மணி நேரம். பஸ்ஸில் முழங்கால் இரண்டும் மரத்துப்போயின. என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். 'உங்க அம்மா...' என்று ஆரம்பித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். விரட்டிவிட்டால்? விரட்டட்டும். விரட்டினாலும் அவன் குரல்தானே.

குமாக்கா சந்தையில் கடற்காற்று. மூலையில் மட்டை குவிந்த ஒரு கடை. மெஷினுக்குப் பின்னால் வழுக்கைத் தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு கிழவன் குனிந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். உடைக்கிற கையின் வீச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஒரு தேங்கா எவ்வளவு?"

"முப்பது."

"கிறிஸ்பாக்காரிக்கு?"

அவன் கை அப்படியே நின்றது. தலையைத் தூக்கவில்லை.

"முப்பத்தொண்ணு," என்றான்.

ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். "உக்காரு. கருவாட்டு நாத்தம் இன்னும் போகல உன்கிட்ட."

சோலெங் உட்காரவில்லை. ஒத்திகை பார்த்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "யோவ் ஹில்யோ, அந்த வளையம்... உங்க அம்மா... நான் வெளையாட்டுக்குப் பண்ணினேன்யா. சத்தியமா வெளையாட்டுக்கு. சந்து முனை வரைக்கும் வந்தேன். உள்ள வரத் துணிச்சல் இல்ல."

"அம்மாவா?" ஹில்யோ கத்தியைக் கீழே வைத்தான். "அன்னிக்கி வளையத்த வீட்டுக்குத் தள்ளிட்டுப் போனேன். பின்ன, அத்தன பூவைக் குப்பையிலயா போடறது? கட்டிலுக்கு எதிர்ல நிறுத்தி ரிப்பனப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு மாசமா வாய் தெறக்காதவ, குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. 'யாருடா இந்தப் பொண்ணு, கொழுப்பெடுத்தவ'ன்னா. அதான் அவ கடைசியாச் சிரிச்சது."

சோலெங் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"செத்தப்ப என்கிட்ட காசு ஏது? தெருவுல எல்லாரும் ஒண்ணு ரெண்டு கொண்டாந்தாங்க, அது பெட்டிக்கே சரியாப்போச்சு. தலைமாட்டுல வெக்க வளையம் ஒண்ணே ஒண்ணுதான். உன்னோடது. ரிப்பன உள்பக்கமா மடிச்சுக் குத்தி வெச்சேன். பாத்தவங்கல்லாம், அடேங்கப்பா, எவ்வளவு பெருசுன்னாங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சாவு வீட்டுக்கு வந்ததுக்கு நன்றி சொல்லக்கூடாதுல்ல. இன்னொரு சாவக் கூப்பிடறாப்புல ஆயிடும். உனக்குத் தெரியாதா?"

"அதுக்காக முப்பத்துநாலு வருசமாய்யா? ஏன்யா திரும்பி வரல?"

ஹில்யோ கண்ணாடியைக் கழற்றிப் பனியன் நுனியில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். "எதுக்கு வர? டீமு போச்சு. எதிர்ல உக்காந்து உன்ன என்ன சொல்லித் திட்டறது? வெறுங்கையோட சண்டைக்கு வர முடியுமா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நேராகப் பார்த்தான். "உங்க டீமு போனப்ப ஒருநாள் வந்தேன். குபாவுக்கு. வளையம் வாங்கிட்டுத்தான் வந்தேன், ரிப்பனெல்லாம் எழுதி. வாளிக்கடைக்குப் பின்னால நின்னு பாத்தேன். நீ கூடைக்கு நடுவுல மொகத்த மூடிக்கிட்டு அழுதுட்டிருந்த. மனசு வரல. எடுத்துட்டு வந்து அம்மா சமாதியில வெச்சுட்டேன்."

"பாவிப்பய!" சோலெங் தொடையில் அறைந்துகொண்டாள். "வெச்சிருக்கலாமேய்யா! அதத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்! அன்னிக்கி சொல்லாம விட்ட கேலி எங்கய்யா? இப்பச் சொல்லு. சொல்லாம நான் போகமாட்டேன்."

"வேணாம், சோலெங்."

"சொல்லுய்யா!"

ஹில்யோ எழுந்தான். முதுகு கூன்தான், ஆனால் நெஞ்சை நிமிர்த்தினான். பழைய குபாவ் குரல் அப்படியே வந்தது.

"எங்க டீமு செத்தப்ப வளையம் வெக்க எதிரின்னு ஒருத்தி இருந்தா! உங்க டீமு செத்தப்ப? ஒரு நாதி இருந்துச்சா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சோலெங் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அழுகை. கொலிசியத்தில் கூட அப்படி அழுததில்லை. "இல்லய்யா," என்றாள். "ஒரு நாதியும் இல்ல. யாருமே வரல."

ஹில்யோ ஒரு இளநீரைச் சீவி அவள் முன்னால் வைத்தான். அவள் குடித்தாள், மூக்கைச் சிந்தினாள், வீங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. தோத்துட்டேன்," என்றாள். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நடுவரைக் குறை சொல்லாமல் இந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. "சட்டம் சட்டந்தான். பனியன் இருக்கா?"

மெஷினைப் போர்த்தி வைத்திருந்த துணியை ஹில்யோ உருவி உதறினான். வெளுத்து, ஓட்டை விழுந்து, எழுத்துப் பாதி உதிர்ந்த டொயோட்டா பனியன். சோலெங் அதைத் தன் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டாள். தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. கடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"தேங்கா! டொயோட்டா தேங்கா! வாங்க, வாங்க!"

சந்தையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அது என்ன பேர் என்றே தெரியாது.

"சத்தம் பத்தல," என்றான் ஹில்யோ, பின்னாலிருந்து.

அவள் இன்னும் உரக்கக் கத்தினாள்.