கரி பஸ்ஸும் இருபத்தொன்றாம் கேள்வியும்

எங்கள் அம்பத்தூர்த் தெருமுனையில் இஸ்திரிக்காரர் காலையில் பெட்டிக்குள் கரியைப் போட்டு விசிறும்போது ஒரு வாசனை எழும்புமே, அதை முகர்ந்தால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருமோ தெரியாது. ஆபீஸ் வரலாம், காணாமல் போன சட்டைப் பொத்தான் வரலாம். எனக்கு மோட்டார் வாகனச் சட்டம் வருகிறது. வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி ஒரு தடவை யோசித்துப் பார்க்கச் சொன்னாள். குடித்தேன். அப்போதும் சட்டம்தான் வந்தது. அதிலும் குறிப்பாக, வலது பக்கம் திரும்புமுன் ஓட்டுநர் செய்ய வேண்டியவை.

காரணம் இருக்கிறது. இருபது வயதில் நான் பூந்தமல்லியில் ஒரு பஸ் கம்பெனியில் கண்டக்டர். உலகச் சண்டைக் காலம். பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. ஜனங்களுக்கு மிஞ்சியது கரி. பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி மூட்டி, கைப்பிடி வைத்த விசிறியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் புகை வரும். அந்தப் புகையைக் குடித்துவிட்டு எஞ்சின் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடப்பார்கள். நடந்தவர்கள் முன்னால் போய்ச் சேர்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். டிக்கெட் வாங்கியாயிற்றே, விட்டுவிட்டுப் போக மனசு வராது.

கம்பெனிக்கு இரண்டு பஸ். ஒன்று ஓடும், மற்றது, ஓடுகிறதற்கு வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்துக்கொண்டு ஷெட்டில் நிற்கும். ஓடுகிற பஸ் பூந்தமல்லியில் புறப்பட்டு, நசரத்பேட்டை தாண்டி, திருமழிசைக் கூட்டுரோட்டில் பெங்களூர் ரோட்டை விட்டு வலது கைப்பக்கம் திரும்பித் திருவள்ளூர் போகும். எங்கள் டிரைவர் ஒரு நாள் பட்டாளத்து லாரி ஓட்டக் கிளம்பிப் போய்விட்டார். முதலாளி பட்டணத்திலிருந்து தற்காலிகமாக ஓர் ஆளைக் கொண்டுவந்தார். அந்த ஆள் தினம் மத்தியானம் மீன்குழம்பு கேட்டார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த முதலாளி என்னையும் கிளீனர் சவரிமுத்துவையும் கூப்பிட்டு, உங்கள் இருவரில் எவன் லைசென்ஸ் வாங்கி வருகிறானோ அவனுக்குத்தான் அந்த ஸீட் என்று சொல்லிவிட்டார்.

நான் ஏன் ஆசைப்பட்டேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. டிரைவருக்கு வழியோர ஜனங்கள் இளநீர் கொடுப்பார்கள், மாம்பழம் கொடுப்பார்கள். கண்டக்டருக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை, சாக்குப்போக்கைத் தவிர.

சவரிமுத்துவின் ஆசை வேறு ரகம். கிளீனர் என்பது உத்தியோகத்தின் பெயர். பஸ்ஸிலேயே அழுக்கானவன் அவன்தான். கரி அள்ளி, கரி மூட்டி, கண்ணைத் தவிர மற்றதெல்லாம் ஒரே நிறமாக இருப்பான். ஆவடிப் பக்கம் ஒரு ரயில்வே கேட்கீப்பரின் மகள் பிலோமினா. அவளுக்கும் இவனுக்கும் மாதா கோயில் திருவிழாவில் மனசு ஒத்துப்போயிற்று. அப்பா ஒத்துப்போகவில்லை. கேட்டை மூடித் திறந்து பழகியவர், பேச்சையும் அப்படியே மூடினார்: "கரி அள்ற கைக்கு எம் பொண்ணு இல்ல. ஸ்டீரிங்க புடிச்சிகினு வா, பாக்கலாம்." பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த வேறொரு மாப்பிள்ளை வேறு தயாராக இருந்தார். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் அவர்களுக்குள் கல்யாணம் செய்ய மாட்டார்கள் என்பதால்தான் சவரிக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. ஈஸ்டர் வந்தால் பிலோமினா போய்விடுவாள். லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் எங்கள் ஊருக்கு மாதம் ஒரு முறைதான் வருவார். அதற்குள் வரப்போவது ஒரே முறை.

மற்ற ஊர்களில் வாயால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வண்டியை எடு என்பார்களாம். எங்களுக்கு வாய்த்தவர் எழுத்துப் பரீட்சையில் நம்பிக்கை உள்ளவர். விதிகளைத் தாளில் எழுதிக் காட்டியவனைத்தான் வண்டிப் பக்கம் விடுவார். விதிகளோ ஒரு சின்ன இங்கிலீஷ் புஸ்தகத்தில் இருந்தன. சவரிக்கு ஓட்டத் தெரியும், விதி தெரியாது. எனக்கு விதி தெரியும், ஓட்டத் தெரியாது. இருவரையும் சேர்த்துத் தைத்திருந்தால் ஒரு முழு டிரைவர் கிடைத்திருப்பார். ஆகவே ஓர் ஒப்பந்தம்: நான் அவனுக்கு விதி, அவன் எனக்கு ஓட்டம். அவன் சொல்லிக் கொடுத்தது ஷெட்டில் நின்ற, எஞ்சின் இல்லாத பஸ்ஸில். அதில் நான் ஒரு விபத்தும் செய்ததில்லை.

விதிதான் ஏறவில்லை. நான் மொழிபெயர்த்துப் படிக்கப் படிக்க, சவரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மரியாதையாகத் தூங்கிப் போவான். ஒரு நாள் காலை, விசிறியைச் சுற்றிக்கொண்டே அவன் சொன்னான்: "கோயில்ல பாடம் எப்டி ஏத்துனாங்க தெரியுமா மச்சான்? சாமியார் கேப்பாரு, நாங்க சொல்லுவோம். இன்னிக்கு வரிக்கும் மறக்கல. நீ கேளு, நான் சொல்றேன்."

அன்றிலிருந்து சட்டம் கேள்வி பதிலாயிற்று. கேள்வியின் கடைசி எழுத்தை ராகம் போட்டு இழுக்க வேண்டும். இழுப்பு முடியும் இடத்தில் அவன் பதில் தொடங்கும். விசிறியின் சுற்று தாளம். மொழிபெயர்க்கும்போது என் புத்தி சும்மா இருக்கவில்லை. அப்போதே இலக்கிய நோய் உண்டு. "மோட்டார் ஓட்டுநர் என்பவர் யாஆர்?" என்று கேட்டால், "பல பேர் உயிரை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கை இல்லையே என்று வருந்துபவர்" என்று பதில் வரும். "பாதசாரி என்பவர் யாஆர்?" "எந்தப் பக்கம் ஓடுவது என்பதை ஓடிய பிறகு முடிவு செய்பவர்." இவை புஸ்தகத்தில் இல்லை. ஆனால் சவரி எல்லாவற்றையும் ஒரே பக்தியோடு ஏற்றிக்கொண்டான்.

விடிகாலையில் இந்த ராகம் ஷெட்டைத் தாண்டிப் போயிற்று. நசரத்பேட்டையில் கத்திரிக்காய் போட்டுக்கொண்டிருந்த என் அப்பா காதுக்கு, மகன் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகிவிட்டான் என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. மறுநாள் தலைப்பாகையோடு வந்து நின்றார். "ஊரே பேசிக்கினு கீது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றார். இது ரோட்டுச் சட்டம் என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கரி மூட்டைமேல் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "சாமி பேரே வர்லியேடா இதுல?" என்றார்.

சவரி விசிறியை நிறுத்தாமல் சொன்னான்: "அது பிரேக்கு புடிக்காதப்போ தானா வரும், நைனா."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. மாட்டு வண்டி இடதுபுறமே செல்ல வேண்டும் என்ற விதியைப் பற்றி மட்டும், இதை மாட்டிடம் யார் சொல்வது என்று கேட்டுவிட்டுப் போனார்.

பரீட்சை, அதிகாரிகள் சுற்றுப்பயணத்தில் தங்கும் முசாபரி பங்களாவில். தாழ்வாரத்தில் பெஞ்சுபோட்டு எங்களையும் இன்னும் சிலரையும் இடைவெளி விட்டு உட்கார்த்தினார்கள். சவரி குளித்து, கடன் வாங்கிய காக்கிச் சட்டை போட்டு வந்திருந்தான். நகக்கண்ணில் மட்டும் கரி. இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், சிரித்துப் பழகாத மீசை. தாளைக் கொடுத்தார். பேச்சு கூடாது, எழுந்தவன் மறுபடி உட்கார முடியாது என்றார்.

முதல் கேள்வி: சாலைச் சந்திப்பில் வலப்பக்கம் திரும்புமுன் ஓட்டுநர் செய்ய வேண்டியவை யாவை?

எனக்குக் கரும்பு தின்ற மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை என்றால் முன்னுரை வேண்டும் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆதி மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது பத்தியில் தேரோட்டிகளைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, தாழ்வாரத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. நிமிர்ந்தேன். சவரியின் தாள் வெள்ளையாக இருந்தது. கண் மூடியிருந்தது. உதடு ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அவனருகே போய் நின்றார். "என்னப்பா, ஜெபமா?"

"இல்ல சார். ஒம்போதுல கீறேன். நீங்க கேட்டது இருவத்தி ஒண்ணு."

இதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நடுவிலிருந்து எடுக்க வராது, முதலிலிருந்துதான் வரும் என்று சவரி விளக்கினான். அதுவும் ஆள் கேட்டால்தான் வருமாம். தனக்குத் தானே கேட்டுக்கொண்டால் ஒன்பதில் சறுக்கிவிடுகிறதாம். எழுத வேண்டாம், வாயாலேயே சொல், நானே கேட்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். அந்த மீசையிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை. முதல் கேள்வியை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, "மோட்டார் ஓட்டுநர் என்பவர் யார்" என்று சம்மன் படிப்பதுபோலக் கேட்டார். சவரியின் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை.

"அப்டி இல்ல சார்," என்றான் பரிதாபமாக. "இழுத்து கேக்கணும்."

இன்ஸ்பெக்டர் இழுக்கிற ஜாதி இல்லை. தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போகச் சொன்னார். சவரி எழுந்திருக்கவில்லை. அவன் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்படுகிறவன் போல.

யோசித்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். இளநீரையெல்லாம் நினைத்திருப்பேன். என் கால் என்னைக் கேட்காமல் எழுந்துவிட்டது. "சார், நான் கேட்கலாமா? இவனுக்கு வழக்கமாகக் கேட்கிறவன் நான்தான்."

"கேட்டா உன் தாள் அவ்வளவுதான், தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். எதிரே போய் நின்று, விசிறி இல்லாததால் தொடையில் தட்டித் தாளம் எடுத்து, இழுத்தேன். "மோட்டார் ஓட்டுநர் என்பவர் யாஆர்?"

மடை திறந்த மாதிரி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சட்டம் பொழிந்தது. மற்றப் பரீட்சைக்காரர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் பதிலைக் கேட்டு எழுதவே தொடங்கினார்கள். பாதசாரி வந்தபோது இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார்.

"இது எந்த விதியில இருக்கு?"

"பன்னெண்டுல சார்," என்றான் சவரி.

அவர் மீசையைத் தடவியபடி வெளியே ரோட்டைப் பார்த்தார். அங்கே யாரோ ஒருவர் குதிரைவண்டிக்கு முன்னால் பாதி தூரம் ஓடி, திரும்பி வந்துகொண்டிருந்தார். "இருக்க வேண்டியதுதான்," என்றார். "மேலே கேளு."

இருபத்தொன்று வந்தது. "வேகத்தைக் குறைத்தல், பின்னால் வருவதைப் பார்த்தல், வலக்கையைத் தோளுக்கு நேராக வெளியே நீட்டுதல்" என்று சொல்லிக்கொண்டே சவரி கையை விறைப்பாக நீட்டினான். அந்தப் பக்கமாகக் காப்பி டம்ளரோடு வந்த பங்களாக் காவல்காரர் சட்டென்று நின்றார். சைகை அவருக்குப் புரிந்துவிட்டது. அதைவிட வேறு பரீட்சை எதற்கு? இன்ஸ்பெக்டர் போதும் என்றார். இந்தப் பத்து முடியாமல் நிறுத்த வராது என்று சவரி முப்பது வரை போய்த்தான் நின்றான்.

வண்டியை அவன் ஓட்டிக் காட்டியதில் சொல்ல ஒன்றுமில்லை. என் தாளை இன்ஸ்பெக்டர் நின்றபடியே படித்தார். "தம்பி, ரெண்டு பக்கம் எழுதியிருக்கே. இன்னும் வண்டியில ஏறவே இல்லையே," என்றார். அதுதான் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமரிசனம். பின்னால் வந்த எதுவும் அவ்வளவு சரியாக இருந்ததில்லை.

ஈஸ்டர் கழிந்து பிலோமினாவின் கல்யாணம் சவரியோடு நடந்தது. கேட்கீப்பர் மாப்பிள்ளையின் கையைத் திருப்பி, நகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தார். சவரி டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்தான். நான் பழையபடி பையும் விசிலுமாக அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

நிற்க வேண்டியும் இருந்தது. தூரத்தில் கூட்டுரோட்டுப் புளியமரம் தெரிந்ததும் சவரி, "ஆரம்பி மச்சான்" என்பான். நான் முதல் கேள்வியை இழுப்பேன். கரி பஸ்ஸின் வேகத்துக்கு, இருபத்தொன்று வரும்போது சரியாகக் கூட்டுரோடும் வரும். கை வெளியே போகும், வண்டி திரும்பும். நான் டிக்கெட் தகராறில் மாட்டிக்கொண்டால், தினம் வரும் தயிர்க்காரம்மா விட்ட இடத்திலிருந்து கேட்பாள். அவளுக்கு என்னைவிட நல்ல குரல். ஜனங்கள் இதை ஒரு வேடிக்கையாகவே நினைக்கவில்லை. ரயிலுக்குக் கொடி, பஸ்ஸுக்குக் கேள்வி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அங்கே ஒன்றும் இல்லை. ஷெட் இருந்த இடத்தில் சைக்கிள் கடை. இரும்பு உருளையைக் காயலான் கடைக்காரர் வந்து எடுத்துப் போனார். கம்பெனியும் கை மாறி, கை மாறிக் கரைந்துவிட்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் போனது நேரம்தான்.

சண்டை முடிந்து பெட்ரோல் திரும்பி வந்தது. உருளையைக் கழற்றிய முதல் நாள். பஸ் நசரத்பேட்டையைத் தாண்டிய வேகத்தில் ஒரு நாய் துரத்தவே வெட்கப்பட்டு நின்றுவிட்டது. புளியமரம் தெரிந்தது. நான் ஆரம்பித்தேன். நாலாவது கேள்வியில் புளியமரம் எங்களுக்குப் பின்னால் இருந்தது. பஸ் பெங்களூரைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. சவரி நிறுத்தினான். அவன் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"இனிமே நேரம் இல்ல மச்சான்," என்றான்.

மறுநாள் மறுபடி அந்த இடம் வந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் கை வெளியே போயிருந்தது.